மூடி திறந்த பிறகு: பெட்ரோல் கலன்கள் பற்றி ஒரு தீர்ப்பு

2012 மார்ச் மாத இறுதியில் பிரிட்டனில் எண்ணெய் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. அன்றைய அமைச்சர் பிரான்சிஸ் மோட், மக்கள் ஜெர்ரி கேனில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வீட்டு கராஜில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் உடனே கண்டித்தது. அந்த வாரமே யார்க் நகரில் ஒரு பெண் தன் சமையலறையில் கேனிலிருந்து ஒரு ஜாடிக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தார். எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பு ஆவியைப் பற்றவைத்தது. உடலில் ஏறத்தாழ 40 விழுக்காடு தீக்காயம். மூடியிருந்தவரை அந்தக் கேன் யாரையும் சுடவில்லை. திறந்து ஊற்றிய சில நொடிகளில்தான் எல்லாம் நடந்து முடிந்தது.

பெட்ரோலுக்கு எந்தக் கலன் பாதுகாப்பானது என்று கேட்டால், பெரும்பாலோர் அது எதனால் ஆனது என்பதைத்தான் பேசுவார்கள். இரும்பா, பிளாஸ்டிக்கா? தடித்ததா, மெல்லியதா? ஒழுகுமா, ஒழுகாதா? தேவையான கேள்விகள்தான். ஆனால் இவை அத்தனையும் மூடிவைத்த கலனைப் பற்றியவை. பெட்ரோல் கலனை எடைபோட வேண்டியது அதன் வாய் திறந்திருக்கும் இரண்டு வேளைகளில் என்பது என் வாதம்: பங்க்கில் நிரப்பும்போது, வீட்டிலோ வயலிலோ ஊற்றும்போது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், நல்லது என்று நாம் நம்பியிருக்கும் சில கலன்கள் கீழே இறங்குகின்றன. நம் சட்டமே அனுமதிக்கும் ஒன்று தோற்கிறது.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பிவிடும். சித்திரை வெயிலில் மதுரையில் திறந்த கேன் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழுந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். அமெரிக்க வீடுகளில் அது போய்த் தொட்டது கராஜ் மூலையில் நிற்கும் வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடரை. நம் வீடுகளில் தரையை ஒட்டி எரிவது பூஜை விளக்கு. தரையை ஒட்டி அணைந்து அணைந்து ஓடுவது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர். பற்றவைக்கத் தேவையான ஆற்றலோ 0.2 முதல் 0.3 மில்லிஜூல்தான். நைலான் சட்டையைக் கழற்றும்போது சுள்ளென்று தெறிக்கும் பொறியில் இதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு. நம் விரல் உணரவே முடியாத பொறிகூடப் பெட்ரோல் ஆவிக்குப் போதும்.

இன்னொரு குணத்தையும் கவனிக்க வேண்டும். நம் அச்சம் தவறான இடத்தில் இருப்பதை அதுதான் காட்டுகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருக்கும்போதுதான் எரியும். நிறைந்த கேனுக்குள் திரவத்துக்கு மேலே உள்ள சிறு இடத்தில், நம் ஊர் வெப்பத்தில், ஆவி 30 விழுக்காட்டையும் தாண்டிவிடும். எரியப் போதுமான காற்று அங்கே இல்லை. அதனால் நிறைந்த கேனின் உள்ளே தீ நுழைந்து வெடிப்பது அரிது. ஆவி காற்றோடு கலக்கும் வாய்ப்பகுதியில்தான் ஆபத்து. அடியில் ஒரு கை அளவு பழைய பெட்ரோல் மிஞ்சியிருக்கும் கேன் வேறு வகை. எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட்டிருக்கும். ஊற்றும்போது வெளிக்காற்று உள்ளே புகும். உட்கலவை எரியும் வரம்புக்குள் இறங்கிவிடும். நிறைந்த கேனைக் கண்டு ஒதுங்கிப்போகிறவர், கிட்டத்தட்டக் காலியான கேனை அடுப்படியில் போட்டுவைப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், காலியானதுதான்.

இனி ஒவ்வொன்றாக.

தண்ணீர் பாட்டிலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வண்டி வழியில் நின்றுவிட்டால் நம் கை முதலில் தேடுவது அதைத்தான். பெட்டிக்கடைகளில் தொங்கும் பெட்ரோலும் அதில்தான். சுவர் மெல்லியது, மூடி ஆவியின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, வாய் குறுகியது என்பதால் நிரப்பும்போது சிந்தாமல் இருக்காது, கையில் பிடித்தால் நசுங்கி வாய்வழியே பீய்ச்சும். இவை எல்லாவற்றையும் மன்னித்தாலும் ஒரு குற்றத்தை மன்னிக்க முடியாது: அது குடிக்கும் பொருளின் உருவத்தில் இருக்கிறது. பெட்ரோலைக் குழந்தை ஒரு வாய் விழுங்கினால், வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய கேடு. இருமும்போது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கவைத்தால் இன்னும் மோசம். அவசரத்துக்கு ஒரே ஒரு முறை என்ற சலுகையைக்கூட இதற்குத் தர நான் தயாரில்லை.

வெள்ளை கேன் கதை கொஞ்சம் சிக்கலானது. எண்ணெய்க் கடையிலும் ரசாயனக் கடையிலும் வாங்கி, கழுவி, மறுபடி பயன்படுத்தும் ஐந்து லிட்டர், பத்து லிட்டர் பாலிஎத்திலீன் கேன்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடைக்காரர், பவர் ஸ்பிரேயர் வைத்திருக்கும் விவசாயி, அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் மீனவர் என்று எல்லோர் கையிலும் இதுதான் இருக்கிறது. உடையாது, துருப்பிடிக்காது, எடை குறைவு, விலை மலிவு. இதை ஒதுக்கச் சொல்கிறவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

முதல் காரணம், பாலிஎத்திலீன் பெட்ரோலில் கரைந்து அதை ஒழுகவிடாதே தவிர, முழுதாகத் தடுத்தும் நிறுத்தாது. பெட்ரோலின் மூலக்கூறுகள் சுவருக்குள் ஊறி மறுபக்கம் ஆவியாக வெளியேறும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அறையில் வாசம் அடிப்பது இதனால்தான். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தக் கசிவு கூடுகிறது. நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. இரண்டாவது, வெயில். புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் இல்லாத வெள்ளை பிளாஸ்டிக், களத்துமேட்டில் ஒரு கோடையைக் கழித்தாலே நொறுங்கும் பதத்துக்கு வரத் தொடங்கும். மூன்றாவது, மூடி. எண்ணெய்க்காகச் செய்த அந்த அமுக்கு மூடியும் அதன் மேல் திருகுமூடியும், சாய்த்துவைத்தால் ஒழுகும். வெயிலில் உள்ளழுத்தம் ஏறும்போது இன்னும் எளிதாக விட்டுக்கொடுக்கும்.

உடனே ஒரு நல்ல எதிர்வாதம் வரும்: இன்றைய கார்களின் பெட்ரோல் டாங்கே பிளாஸ்டிக்தானே? உண்மை. ஆனால் அந்த டாங்க் ஒற்றைப் பாலிஎத்திலீன் அல்ல. நடுவில் ஹைட்ரோகார்பனை மறிக்கும் இன்னொரு பாலிமரின் மெல்லிய அடுக்கை வைத்து, பல அடுக்குகளாக வார்க்கிறார்கள். எரிபொருளுக்கென்றே செய்யப்படும் நல்ல பிளாஸ்டிக் கேன்களில் சிலவற்றில் இதே முறை உண்டு. வேறு சிலவற்றின் உட்சுவரை ஃபுளோரினால் பதப்படுத்துகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009 முதல் இத்தகைய கேன்களுக்கு வரம்பே வைத்திருக்கிறது: ஒரு கேலன் கொள்ளளவுக்கு ஒரு நாளில் 0.3 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது. ஆகவே பிளாஸ்டிக் என்பதால் ஒரு கேனைத் தள்ளிவிட முடியாது. பெட்ரோலுக்காகச் செய்யப்படாத பிளாஸ்டிக்கைத்தான் தள்ள வேண்டும். வெள்ளை கேன் அந்த வகையில் விழுகிறது.

மூடிவைத்த கலனின் வழக்கு இதோடு சரி. திறந்த வாய்க்கு வருவோம்.

நாசிலிலிருந்து பெட்ரோல் வேகமாகப் பாயும்போது உராய்வில் மின்னேற்றம் பிறக்கிறது. பெட்ரோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, பிளாஸ்டிக்கும் கடத்தாது. ஏற்றம் போக வழியில்லாமல் சேர்ந்து நிற்கும். உலோகக் கேன் என்றால், அது தரையில் இருந்து, நாசில் அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஏற்றம் இறங்கிவிடும். இதுவரை இரும்புக்கே வெற்றி. ஆனால் 1998இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்தால் அந்த வெற்றி நிபந்தனையோடுதான் நிற்கிறது. பிக்கப் வண்டிகளின் பின்தட்டில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பார்கள். அதன்மேல் வைத்தபடியே கேனை நிரப்பியபோது தீப்பற்றிய சம்பவங்கள் நடந்தன. உலோகக் கேன்களும் அதில் தப்பவில்லை. தரையிலிருந்து பிரிக்கப்பட்ட உலோகம், சேர்ந்த ஏற்றம் முழுவதையும் ஒரே பொறியில் கொட்டிவிடும். பிளாஸ்டிக் அப்படிக் கொட்டாது. நம் ஊரில் பிக்கப் விரிப்புக்குப் பதில் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு இருக்கிறது. கேனை அங்கே நிற்கவைத்து, வண்டியை விட்டு இறங்காமலே நிரப்பச் சொல்வது நாம் அன்றாடம் காணும் காட்சி. அந்த ரப்பர்மேல் நிற்கும் இரும்புக் கேன், பிளாஸ்டிக் கேனைவிட ஒரு படி ஆபத்தானது. கேனைத் தரையில் இறக்கி வைத்தால், செலவே இல்லாமல் அது ஒரு படி பாதுகாப்பானதாக மாறிவிடுகிறது.

இப்போது ஜெர்ரி கேன். கலன்களின் வரலாற்றில் இவ்வளவு யோசித்துச் செய்த பொருள் குறைவு; அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தர விரும்புகிறேன். 1930களின் பிற்பகுதியில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட 20 லிட்டர் எஃகுக் கலன் இது. அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளை நடுவில் ஒரே பற்றவைப்பால் சேர்த்தார்கள். அந்தப் பற்று, பக்கங்களைவிட உள்வாங்கி இருக்கும். கேன்கள் ஒன்றோடொன்று இடித்தாலும் பற்றில் அடிபடாது. பக்கங்களில் பெருக்கல் குறி போல அழுத்திய பள்ளம் தகட்டுக்கு வலுத் தரும். உள்ளே பெட்ரோல் விரியும்போது நெகிழவும் இடம் தரும். மேலே மூன்று கைப்பிடிகள்: ஒருவர் தூக்க நடுவில் உள்ளது, இருவர் சேர்ந்து தூக்க ஓரங்களில் உள்ளவை. கைப்பிடிக்கு அடியில் ஒரு காற்றறை. முழுக்க நிரப்பினாலும் அங்கே பெட்ரோல் ஏறாது. திருகே இல்லாமல், நெம்புகோலை அழுத்திப் பூட்டும் மூடி. ஊற்றும்போது காற்று உள்ளே போகத் தனிக் குழாய் இருப்பதால் பெட்ரோல் குபுக் குபுக்கென்று துள்ளாமல் ஒரே சீராக வரும்.

இரண்டாம் உலகப் போரில் எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் ராணுவம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் வைத்திருந்தது நாலு கேலன் தகர டின். நம் ஊர் மண்ணெண்ணெய் டின்னின் அதே அளவு, அதே சதுர உருவம். லாரியில் குலுங்கினால் அதன் மூட்டுகள் விரிசல் விட்டன. தளத்திலிருந்து முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் 30 விழுக்காடு பெட்ரோல் வீணாவதாக அவர்களின் தளபதி ஜெனரல் ஆக்கின்லெக் மதிப்பிட்டார். கைப்பற்றிய ஜெர்மன் கேன்களை பிரிட்டிஷ் வீரர்கள் பொக்கிஷமாக வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்கர்களுக்கு இது போய்ச் சேர்ந்த பாதை இந்தியா வழியாக ஓடியது என்பது பலர் அறியாதது. பால் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939இல் ஒரு ஜெர்மன் நண்பரோடு பெர்லினிலிருந்து இந்தியாவுக்கு வண்டியில் கிளம்பினார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள, டெம்பல்ஹாஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்த மூன்று கேன்களை அந்த நண்பர் கொண்டுவந்தார். அதன் செய்முறை விவரங்களையும் கொடுத்தார். பிளைஸ் கல்கத்தா வந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு விமானத்தில் ஊர் திரும்பி, அமெரிக்க ராணுவத்திடம் அந்தக் கேனைப் பற்றிச் சொன்னார். அவர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு நகலெடுத்தபோதும், பற்றவைப்புக்குப் பதில் மடித்துச் சுருட்டிய மூட்டுகளையும், திறப்பதற்குச் சாவியும் ஊற்றுவதற்குப் புனலும் தேவைப்படும் மூடியையும் வைத்தார்கள். உருவம் அதே உருவம்தான். மூட்டையும், திறக்கும் வழியையும், ஊற்றும் வழியையும் மாற்றியதில்தான் அந்த நகல் மூலத்தைவிடத் தாழ்ந்தது.

ஆகவே பயணத்துக்கு ஜெர்ரி கேன் சிறந்தது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. லடாக் போகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அதைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போவது சரியான தேர்வுதான். ஆனால் அதையே எல்லா இடத்துக்கும் ஏற்ற விடை என்று சொல்லும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. நிறைந்த 20 லிட்டர் கேனின் எடை ஏறத்தாழ 19 கிலோ. அதை இடுப்புயரத்துக்குத் தூக்கி, ஜெனரேட்டரின் சிறிய டாங்க் வாயில் சாய்த்து, சரியான நேரத்தில் நிறுத்த நல்ல கைப்பலம் வேண்டும். வயதானவர் ஒருவர் இதைச் செய்யும்போது சிந்தாமல் இருந்தால்தான் வியப்பு. சூடான சைலன்சரின் பக்கத்தில் சிந்தினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் அறிவோம். இன்னொன்று: இறுகப் பூட்டிய எஃகுக் கலன் தீயில் சிக்கினால் உள்ளழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் கிழியும். பிளாஸ்டிக் உருகிக் கொட்டிவிடும். அது தீயைப் பரப்பும், ஆனால் வெடிக்காது. இந்த இரண்டில் எது மேல் என்று தேர்ந்தெடுக்கும் நிலையே வரக் கூடாது. அதற்கு விடையாக வந்ததுதான் சேஃப்டி கேன்.

அமெரிக்கத் தொழிற்கூடங்களில் காணப்படும் சிவப்பு உலோகக் கலன் அது. அந்நாட்டு விதிகள் அதற்குத் தரும் இலக்கணம் சுருக்கமானது: ஐந்து கேலனுக்கு மேல் போகக் கூடாது, மூடி ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ள வேண்டும், தீயில் சிக்கினால் உள்ளழுத்தம் தானே வெளியேற வேண்டும், கட்டுமான இடங்களுக்கானதில் வாயில் தீத்தடுப்பு வலை இருக்க வேண்டும். இந்த நான்கில் மூன்று, வாயைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். கையை விட்டால் மூடிக்கொள்ளும் வாய், மறதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட வாய். நம் கேன்கள் எல்லாம், ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் மூடியை நினைவாகத் திருகிவைப்பார் என்று நம்பிச் செய்யப்பட்டவை.

வலையின் வேலை 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த விளக்கில் இருந்ததேதான். நுண்ணிய துளைகள் உள்ள உலோக வலையைத் தீச்சுடர் கடக்க முயலும்போது, உலோகம் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. சுடர் அந்தப் பக்கம் போவதற்குள் அவிகிறது. இருநூறு ஆண்டு பழைய, மலிவான அறிவு. இருந்தும் அமெரிக்க வீடுகளுக்கு விற்ற பிளாஸ்டிக் கேன்களில் நீண்ட காலம் இது இல்லை. அந்த நாட்டின் மிகப் பெரிய கேன் தயாரிப்பாளர்களில் ஒன்றான ஓக்லஹோமாவின் பிளிட்ஸ் நிறுவனம், தீக்காயம் பட்டவர்கள் தொடுத்த வழக்குகளுக்கு நடுவே 2011இல் திவால் மனு கொடுத்து, 2012இல் மூடப்பட்டது. வலை வைத்திருந்தால் தீ கேனுக்குள் நுழைந்திருக்காது என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதம். கேனுக்குள் சுடர் புகவே முடியாது, ஆவி அவ்வளவு செறிவானது என்பது மறுதரப்பு. நிறைந்த கேனைப் பற்றி அது சரிதான். ஆனால் வூஸ்டர் பாலிடெக்னிக் கழகத்தின் ஆய்வகச் சோதனைகள், கொஞ்சமே பெட்ரோல் மிஞ்சிய கேனில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில், சுடர் உள்ளே புகுந்து தீயைப் பீய்ச்சக்கூடும் என்று காட்டின. 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜூலை முதல் அங்கே விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் கேன்களில் தீத்தடுப்பு கட்டாயம். மூடிய கலனை ஆராய்ந்தவர்கள் காணாததை, திறந்த வாயைப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

அதே அமெரிக்கா எதிர்த்திசையிலும் ஒரு பாடம் தந்திருக்கிறது. ஆவி வெளியேறுவதைக் குறைக்க வேண்டும் என்று முதலில் கலிஃபோர்னியாவிலும் பிறகு நாடு முழுவதும் விதி கொண்டுவந்தபோது, தயாரிப்பாளர்கள் தனிக் காற்றுத்துளையை எடுத்துவிட்டு, அழுத்தினால் மட்டும் திறக்கும் குழாய்முனைகளை வைத்தார்கள். காற்று நுழைய நேர்வழி இல்லாததால் பெட்ரோல் விட்டு விட்டுத் துள்ளியது. அழுத்தவும் பிடிக்கவும் மூன்றாவது கை வேண்டியிருந்தது. பலர் எரிச்சலில் அந்த முனையைக் கழற்றிவிட்டு வெறும் வாயில் ஊற்றினார்கள்; கேனில் தாங்களே துளை போட்டவர்களும் உண்டு. கசிவைத் தடுக்கச் செய்த ஏற்பாடு சிந்தலைக் கூட்டியது. நோக்கத்தில் பிழையில்லை. மூடிய சுவரின் கணக்கை மட்டும் போட்டு, ஊற்றும் மனிதனின் மணிக்கட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் பிழை. ஜெர்ரி கேனின் காற்றுக்குழாய் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதற்குப் பிறகுதான் முழுதாகப் புரிகிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமமின்றி வைத்துக்கொள்ளவும் கொண்டுசெல்லவும் அனுமதிக்கிறது. ஆனால் கலன் கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகமாக இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டர் வரை. உலோகம் 25 லிட்டர் வரை. 2002ஆம் ஆண்டு விதிகள் இதன்மேல் இன்னும் சிலவற்றைச் சேர்க்கின்றன: ஒரு லிட்டருக்கு மேற்பட்ட கலன், வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் தந்த வகையாக இருக்க வேண்டும்; கலனில் குறைந்தது ஐந்து விழுக்காடு காற்றுக்கு இடம் விட வேண்டும். இந்தக் காற்றிட விதி அருமையானது. பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பெட்ரோல், வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் அந்த இடம் போதும். கேனைத் தளும்பத் தளும்ப நிரப்பச் சொல்கிறவர், தான் கொடுத்த காசுக்கு மூடியின் ஓரத்தில் வழியும் பெட்ரோலை வாங்குகிறார்.

ஆனால் கண்ணாடி? திறந்த வாய்க்கு முன்பே, கை தவறினால் மொத்தக் கலனும் திறந்த வாயாகிவிடும் பொருள் அது. ஒரு லிட்டர் சிதறினால் ஒரு அறைக்கு அது மிகப் பெரிய தீ. கண்ணாடிக்குள் பெட்ரோல் ஊறாது, கண்ணாடியை அரிக்காது என்ற வேதியியல் நற்சான்றிதழ் இருந்தாலும், 1934ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இந்த அனுமதியை இன்று நீக்கிவிட வேண்டும். பிரிட்டன் 2014இல் தன் விதிகளைப் புதுப்பித்தபோது வீட்டில் வைக்கும் அளவை 30 லிட்டராகவே வைத்து, தகுந்த பிளாஸ்டிக் கேனை பத்து லிட்டர் வரையும் உலோகத்தை 20 லிட்டர் வரையும் அனுமதித்தது. கலன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. அது நம் பட்டியலைவிட அறிவார்ந்த கேள்வி.

நடைமுறையில் நம் பங்க்குகளில் தொங்குவது வேறொரு பலகை: பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் கிடையாது. இதற்குப் பின்னால் தீவைப்பு, வன்முறை பற்றிய காவல்துறையின் கவலை இருக்கிறது. அந்தக் கவலையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் குற்றத்தைத் தடுக்கும் விதியும் விபத்தைத் தடுக்கும் விதியும் ஒன்றல்ல. மருந்து தெளிக்கும் இயந்திரத்தை பங்க்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத விவசாயி என்ன செய்வார்? பைக் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் குழாய் போட்டு, வாயால் உறிஞ்சி, பாட்டிலில் இறக்குவார். 2022 எரிபொருள் நெருக்கடியில் இலங்கை கேன்களில் எரிபொருள் விடுவதைத் தடுத்தபோதும் பலர் இப்படித்தான் செய்தார்கள். வண்டி டாங்க்கில் வாங்கி வீட்டில் இறக்கினார்கள். பெட்ரோலைத் திறந்து ஊற்றும் வேலை தடையால் நிற்கவில்லை. தீயணைப்புக் கருவியும் திறந்தவெளியும் உள்ள பங்க்கிலிருந்து, விளக்கெரியும் வீட்டுக்கு அது இடம் மாறியது. பாதுகாப்பின் பெயரால் இதைவிடப் பாதகமான இடமாற்றத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. ஒரே இடத்தில் வைத்து எடுத்து ஊற்றுவதற்கு — பட்டறை, கடை, பம்ப்செட் அறை — தானே மூடும் வாயும் வலையும் கொண்ட சேஃப்டி கேனுக்கே முதலிடம். ஆனால் அதைக் கார் டிக்கியில் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது. அழுத்தம் ஏறினால் ஆவியை விடுவதே அதன் இயல்பு; மூடிய வண்டிக்குள் அந்த நற்குணம் கேடாகும். கொண்டுசெல்வதற்கு ஜெர்ரி கேன் வகை எஃகுக் கலன்தான் முதலிடம். 20 லிட்டரில் அல்ல, ஐந்தில் அல்லது பத்தில். நிமிர்த்தி, அசையாமல் கட்டி, ஆட்கள் இருக்கும் பகுதிக்கு வெளியே. ரயிலில் எந்தக் கலனிலும் கூடாது, சட்டமும் தடுக்கிறது. மறிப்பு அடுக்கு கொண்ட, எரிபொருளுக்கென்றே செய்த பிளாஸ்டிக் கேன் பொறியியலின்படி ஏற்கத்தக்க இரண்டாமிடம். நம் சட்டம் அதைப் பட்டியலில் சேர்க்கும்வரை இங்கே அதை நான் பரிந்துரைக்க முடியாது. வெள்ளை கேனும் பாட்டிலும் கண்ணாடியும் தோற்றன.

இரும்பை வென்றதாக அறிவித்துவிட்டு அதன் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் எஃகைத் துருவாக்கும். துத்தநாகப் பூச்சையும் எத்தனால் அரிக்கும். பழைய ராணுவக் கேன் ஒன்றைக் காயலான் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர் முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். உட்பூச்சு உரிந்திருந்தால் வேண்டாம். மூடியின் ரப்பர் வாஷர் எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டு மாற்றட்டும். பழைய ரப்பர் ஊதிப் பிதுங்கும். வலை இல்லாத கேனுக்கு வீட்டுச் சல்லடையை வெட்டிச் சொருகுவதும் தீர்வல்ல. துளையின் அளவும், வலைக்கும் வாய்க்கும் இடையே வெளி விடாமல் பொருத்துவதும் சேர்ந்தால்தான் சுடர் அவியும். ஓரத்தில் ஒரு நூலளவு இடைவெளி இருந்தால் வலை இருந்தும் இல்லாததே.

பாதுகாப்பான கலனை வாங்கு என்று மக்களிடம் சொல்வதற்கு முன், அது கிடைக்கிற பொருளாக வேண்டும். நாக்பூரில் உள்ள பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஐந்து லிட்டர் கலன் ஒன்றுக்கு எளிய இலக்கணம் வகுக்கலாம்: எஃகு அல்லது மறிப்பு அடுக்குள்ள பிளாஸ்டிக், வாயில் வலை, காற்றுக்குழாயோடு கூடிய ஊற்றுமுனை, எத்தனாலைத் தாங்கும் வாஷர், ஐந்து விழுக்காடு காற்றிடத்தைக் காட்டும் கோடு. எண்ணெய் நிறுவனங்கள் அதைத் தங்கள் பங்க்குகளிலேயே விற்கலாம். வாங்குகிறவரின் பெயரையும் வண்டி எண்ணையும் பதிந்துகொண்டால் காவல்துறையின் கவலைக்கும் விடை கிடைக்கும். அந்தக் கலனை மட்டும் தரையில் வைத்து நிரப்பித் தரலாம், மற்ற எதையும் மறுக்கலாம்.